சமூக மையத்தில் மின்வழிக் கற்றலை ஆராய்வது: நான்கு பங்கேற்பு முறைகளில் எதைத் தேர்வது?

மின்வழி வகுப்பு நடத்திய ஒரு சமூக மையத்தில், கற்றல் செயலி தானாகப் பதிந்து வைத்திருந்த பயன்பாட்டுக் கணக்கை அச்சிட்டு, வகுப்புக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காகச் சுவரில் ஒட்டினோம். பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருந்தன. அவரவர் எண் அவரவருக்குத் தெரியும். ஒரே மாலையில் பலமுறை செயலியைத் திறந்திருந்த ஒருவரின் வரிசைக்கு எதிரே, எங்கள் குழுவில் ஒருவர் “மிகுந்த ஆர்வம்” என்று குறித்து வைத்திருந்தார். அந்த எண்ணுக்குரிய அம்மாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஆர்வமா? ஓடிபி என் மகன் போனுக்குப் போகுது தம்பி. அவன் பார்த்துச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது, மறுபடி முதல்ல இருந்து திறக்கணும்” என்றார். வாரக்கணக்கில் நாங்கள் ஆர்வம் என்று எண்ணிக்கொண்டிருந்தது, உள்ளே நுழைய முடியாமல் அவர் பட்ட பாடுதான்.

மின்வழிக் கற்றலை ஆராய்கிறவர்கள் கற்பவர்களையும் ஆய்வில் ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நீண்ட விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதுதான் கடினம். நூலகம், முதியோர் கல்வி மையம், மகளிர் குழு, பள்ளிக்குப் பிந்தைய பிள்ளைகள் மன்றம் போன்ற இடங்களில் ஆய்வைத் தொடங்க நினைப்பவர்களுக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன: பங்கேற்புச் செயல் ஆய்வு, கற்பவர்களோடு சேர்ந்து கருவியை உருவாக்கும் வடிவமைப்பு ஆய்வு, போட்டோவாய்ஸ் எனப்படும் படவழி ஆய்வு, சமூக ஆலோசனைக் குழுவின் துணையோடு நடக்கும், விளைவுகளை எண்களால் அளக்கும் அளவாய்வு. நான்குமே தம்மைப் பங்கேற்பு ஆய்வு என்றே அழைத்துக்கொள்கின்றன. ஆனால் அவை கேட்கும் காலமும் உழைப்பும் வெவ்வேறு. கடைசியில் கையில் கிடைப்பதும் வெவ்வேறு.

இவற்றை எதைக் கொண்டு ஒப்பிடுவது? செலவு, கால அளவு, மாதிரியின் அளவு என்று தொடங்குவது வழக்கம். என் அனுபவத்தில் அவையெல்லாம் இரண்டாம் நிலைக் கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, ஆய்வின் எந்த முடிவை மக்கள் கையில் விட்டுவிட நாம் உண்மையிலேயே தயாராக இருக்கிறோம் என்பதே. கேள்வியைத் தீர்மானிக்கும் உரிமையையா, கருவியை மாற்றும் உரிமையையா, விளக்கம் சொல்லும் உரிமையையா, அல்லது நாம் ஏற்கெனவே எழுதிவிட்ட வினாத்தாளில் திருத்தம் சொல்லும் உரிமையை மட்டுமா? அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அதன் கீழ் 2 படிகளில் பங்கேற்பே இல்லை. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது ஆகிய நடு 3 படிகளையும் அவர் பெயரளவிலானவை என்றே வகைப்படுத்தினார். கூட்டுப் பொறுப்பில் தொடங்கும் மேல் 3 படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையாகக் கைமாறுகிறது. ஆய்வு முன்மொழிவுகளைப் படிக்கும்போது இந்த ஏணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல முன்மொழிவுகள் நான்காம் படியான கருத்துக் கேட்பதிலேயே நின்றுவிடுவது தெரியும். கருத்துக் கேட்பதை இழிவாக நான் நினைக்கவில்லை. அதைச் செய்துகொண்டே வேறொன்றின் பெயரைச் சொல்வதுதான் உறுத்துகிறது.

பள்ளிக்கும் சமூக மையத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சமூக மையத்துக்கு வருகிறவர் கட்டாயத்தால் வருவதில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் எதுவும் இல்லாததால், “கற்றார்” என்று எதைச் சொல்வது என்பதே முதலில் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரு கைபேசியைப் பல நேரங்களில் ஒரு வீடே பகிர்ந்துகொள்கிறது. பள்ளிக்காக உருவான ஆய்வு முறைகள் இங்கே தடுமாறுவதற்கு இவையே காரணம்.

முதலில் பங்கேற்புச் செயல் ஆய்வு. நான்கில் இதற்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன். அதிகமாகப் பயன்படக்கூடியதும், அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுவே. சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையில் செயல் ஆய்வைத் திட்டமிடல், செய்தல், செய்ததன் விளைவை அறிதல் என்று சுழன்று மேலேறும் வளையங்களாக விளக்கினார். பின்னர் கொலம்பியச் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா போன்றவர்கள், 1977இல் அந்நாட்டின் கார்டஹேனா நகரில் நடந்த கருத்தரங்கை ஒட்டி, இந்த வளையத்துக்குள் அதிகாரம் என்ற கேள்வியைக் கொண்டுவந்தார்கள். யாருடைய அறிவு அறிவாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது என்று அவர்கள் கேட்டார்கள்.

மின்வழிக் கற்றலுக்கு இம்முறை பொருந்துவதற்குக் காரணம், இங்கே சிக்கல்கள் பெரும்பாலும் பாடத்துக்கு வெளியில் இருப்பதே. ஓடிபிக் கதை அந்தச் சிரிப்போடு முடியவில்லை. முதல் சுற்றில் வகுப்புக்கு வந்தவர்களின் குழு எடுத்த முடிவு எளியது: மகன்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு வகுப்பை மாற்றுவது. மாற்றினோம், வேலை நடந்தது. இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் அதே அம்மாள், “என் கணக்கு ஏன் அவன் நம்பர்ல இருக்கணும்?” என்று கேட்டார். அதுவரை நாங்கள் பாடங்களின் தரத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஆய்வின் கேள்வி தொலைபேசி எண்ணின் உரிமையைப் பற்றியதாக மாறியது. நாங்களாக யோசித்திருந்தால் அந்தக் கேள்விக்குப் போயிருக்கமாட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தகைய திருப்பத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்றால், ஆய்வுக் கேள்வி முதல் நாளிலேயே பூட்டப்பட்டிருக்கக் கூடாது. அத்துடன், குறைந்தது இரண்டு சுற்றுகள் போவதற்காவது காலம் இருக்க வேண்டும். ஒரே சுற்றோடு முடிகிற செயல் ஆய்வு, பயிற்சி ஒன்றை நடத்தி அதற்கு மதிப்பீடு எழுதியதற்கே சமம்.

இதன் விலை அதிகம். கூட்டங்கள் நீளும். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்கிறவர்களிடம் நாம் கேட்பது அவர்களிடம் மிகக் குறைவாக உள்ள பொருளான நேரத்தை. இணை ஆய்வாளர் என்று அழைத்துவிட்டு மதிப்பூதியம் கொடுக்காமல் இருப்பது, ஊதியமில்லாத உதவியாளரைச் சேர்த்துக்கொள்வதற்கான நாகரிகப் பெயராகிவிடுகிறது. பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கைபேசித் தரவுக் கட்டணம் ஆகியவை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரிகளாக இல்லாத ஒரு முன்மொழிவைச் செயல் ஆய்வாக நான் ஏற்பதில்லை. இன்னொரு சிக்கல், மக்கள் என்று நாம் சொல்கிறவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை என்பது. கைபேசியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர், உரக்கப் பேசுகிறவர், மையப் பொறுப்பாளரின் உறவினர் ஆகியோரே முதலில் இணை ஆய்வாளர் ஆகிறார்கள். மின்வழிக் கற்றல் ஆய்வில் இது இரட்டைப் பிழையாகிறது. எவருக்குக் கருவி கைவரவில்லையோ அவரைப் பற்றி ஆராய வந்துவிட்டு, எவருக்குக் கைவந்ததோ அவரிடம் ஆய்வை ஒப்படைத்துவிடுகிறோம். இதற்கு நான் கண்ட ஓரளவு பயனுள்ள மாற்று, ஆய்வுக் கூட்டங்களைக் கருவி எதுவும் இல்லாமல், தாளும் பேனாவும் சுவரும் கொண்டு நடத்துவது.

அடுத்தது வடிவமைப்பு ஆய்வு. கற்றலை ஆராய்ந்த ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் 1992இல் தனித்தனியே எழுதிய கட்டுரைகளில் இருந்து கல்வித் துறையில் இது வளர்ந்தது: ஒரு கற்றல் ஏற்பாட்டை உண்மையான சூழலில் வைத்து, பார்த்து, திருத்தி, மீண்டும் வைத்து, அதன் வழியாக ஏற்பாடும் கோட்பாடும் சேர்ந்து வளர்வது. பயன்படுத்துகிறவர்களே வடிவமைப்பில் பங்கு கொள்ளும் மரபு இன்னும் பழையது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் கணினி அறிவியலாளர் கிரிஸ்டன் நிகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு செய்த பணியில் அதன் வேர்கள் உள்ளன. தொழிலிடத்துக்கு வரும் கணினிகளைப் பற்றித் தொழிலாளர்கள் தாங்களே கற்று, கருத்துச் சொல்லும் நிலைக்கு வர வேண்டும் என்பது நோக்கம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. திட்டத்தின் “முடிவு” என்பது ஆய்வாளர்கள் எழுதும் அறிக்கை என்ற எண்ணத்தை அவர்கள் நடுவிலேயே மாற்றிக்கொண்டு, சங்கம் அதன் விளைவாக எடுக்கும் செயல்களே முடிவு என்று வரையறுத்தார்கள்.

இம்முறைக்கு ஒரு கடுமையான முன்நிபந்தனை இருக்கிறது: கருவியை மாற்றும் அதிகாரம் நமக்கு இருக்க வேண்டும். மையம் பயன்படுத்துவது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் செயலி என்றால், கற்பவர்கள் எத்தனை அட்டைகளில் எத்தனை ஆலோசனைகளை எழுதி ஒட்டினாலும் திரையில் ஒரு பொத்தான்கூட இடம் மாறாது. அப்படி எழுதி ஒட்டிய அட்டைகள் ஆய்வறிக்கையின் இணைப்பில் அழகான படங்களாக மட்டும் மிஞ்சுகின்றன. எழுதியவர்களுக்கு ஏமாற்றமே மிச்சம். ஆனால் பாடத்தை நாமே தயாரிக்கிறோம், ஒலிப்பதிவை நாமே செய்கிறோம், வகுப்பின் வரிசையை நாமே அமைக்கிறோம் என்றால் நான்கில் இதுவே விரைவாகக் கண்ணுக்குத் தெரிகிற பலனைத் தரும். உளவியலாளர் மைக்கேல் கோல் 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய ஐந்தாம் பரிமாணம் என்ற திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி விட்டபின் பிள்ளைகள் கூடும் மன்றங்கள் போன்ற இடங்களில் பல்கலைக்கழக மாணவர்களும் பிள்ளைகளும் கணினி விளையாட்டுகள் வழியாகச் சேர்ந்து கற்றார்கள். ஒவ்வோர் இடமும் தன் சூழலுக்கேற்ப அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது. நல்ல முயற்சிகள் நிதி நின்றபின் ஏன் மறைகின்றன என்பதையும் கோல் ஆய்வின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார். வடிவமைப்பு ஆய்வைச் செய்பவர்களில் பலர் விட்டுவிடும் கேள்வி அது.

படவழி ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லலாம், அதன் ஆபத்தைத் தவிர. ஆய்வாளர்களான கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் சீனாவின் யுனான் மாநிலத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தொடங்கி, 1990களில் உருவாக்கிய முறை இது. பங்கேற்பவர்கள் தம் வாழ்க்கையைப் படம் எடுக்கிறார்கள், அவற்றில் சிலவற்றைத் தேர்கிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசியதை முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கொண்டுபோகிறார்கள். எழுத்து வசதி தேவையில்லை, குறுகிய காலத்தில் முடிகிறது, கைபேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. “நீங்கள் கற்கும் இடத்தைப் படம் எடுங்கள்” என்று சொன்னால், எந்த வினாத்தாளும் கேட்காத செய்திகள் வரும்: சமையல் மேடையில் டப்பாவுக்குச் சாய்த்து வைத்த கைபேசி, வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும் சன்னல் ஓரம், திரையின் விரிசலுக்குப் பின்னால் பாதி மறைந்த பாடம். படங்களைவிட அவற்றைச் சுற்றி நடக்கும் பேச்சே தரவு என்பதை மறந்து, கண்காட்சி வைத்து முடித்துவிடுவது இதன் வழக்கமான தோல்வி.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சுகாதாரத்தையோ குடிநீரையோ பற்றிய படவழி ஆய்வில் இல்லாத ஒரு சிக்கல் மின்வழிக் கற்றலில் உண்டு. இங்கே எடுக்கப்படும் படங்களில் பாதி, திரையின் படங்கள். ஒரு திரைப்பிடிப்பில் பாடம் மட்டும் இருப்பதில்லை. மேலே அறிவிப்பில் வங்கிக் குறுஞ்செய்தி, உரையாடல் பட்டியலில் உறவினர் பெயர்கள், பக்கத்தில் யாரோ அனுப்பிய குழந்தையின் படம் என்று எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அந்த உறவினர்கள் எவரும் நம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவில்லை. வாட்ஸ்அப் குழு உரையாடலைத் தரவாக எடுப்பதற்கும் இதுவே பொருந்தும்: குழுத் தலைவர் சம்மதித்தால் குழுவில் உள்ள எல்லாரும் சம்மதித்ததாக ஆகாது. எனவே இம்முறையைத் தேர்கிறவர்கள், படம் எடுப்பதற்கு முன் ஒரு முழு அமர்வையாவது எதை எடுக்கக் கூடாது, எடுத்ததில் எதை மறைப்பது, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவது எப்படி என்பதற்கு ஒதுக்க வேண்டும். இது நெறிமுறைச் சடங்காகவே நின்றுவிடுவதில்லை. கைபேசியில் உள்ள தனியுரிமை அமைப்புகளைப் பற்றி அந்த ஓர் அமர்வில் மக்கள் கற்பது பல வகுப்புகளில் கற்பதைவிட அதிகம்.

நான்காவதான, ஆலோசனைக் குழுவோடு கூடிய அளவாய்வைப் பங்கேற்பு ஆய்வாளர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அந்த ஏளனம் நியாயமற்றது. பெருவில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மதிப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்தபோதும், கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண்கள் கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. பொது அறிவாற்றலில் மட்டும் சிறிதளவு முன்னேற்றத்துக்கான அறிகுறிகள் இருந்தன. கருவி வந்தாலே கற்றல் வந்துவிடும் என்ற நம்பிக்கையை அசைக்க அத்தகைய எண்கள் தேவைப்பட்டன; எந்தச் சுவர்த்தாளும் எந்தப் படக் கண்காட்சியும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. ஒரு திட்டத்தை விரிவுபடுத்துவதா நிறுத்துவதா என்ற முடிவு முன்னால் இருந்தால் ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய அளவாய்வே சரியான தேர்வு. வினாக்களை ஆலோசனைக் குழுவோடு சேர்ந்து எழுதினால், குறைந்தபட்சம் “எத்தனை முறை செயலியைத் திறந்தீர்கள்” என்பதை ஆர்வத்தின் அளவுகோலாக வைக்கும் பிழை நேராது.

ஆனால் அளப்பதும் பார்ப்பதும் மட்டுமே பங்கேற்பு ஆகிவிடாது. 1999இல் டில்லியின் கால்காஜியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியை நினைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தாமாகவே கற்றதை உலகத்துக்குக் காட்டிய சோதனை அது. அங்கே பிள்ளைகளுக்குக் கணினியைத் தொடும் சுதந்திரம் முழுமையாக இருந்தது. ஆனால் எதைக் கவனிப்பது, எதைக் கற்றல் என்று எண்ணுவது என்பவற்றை ஆய்வாளர்களே வகுத்தார்கள். கற்பதில் சுதந்திரமும் ஆய்வில் பங்கும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தரவு யாருடையது என்பது பின்னாலேயே வரும். கனடாவின் பழங்குடியினரான முதல் குடிகள் 1998இல் முன்வைத்த கொள்கை, தரவின் மீது உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் சமூகத்துக்கு உரியவை என்கிறது. 2019இல் பழங்குடித் தரவுக்கென வெளியான கேர் நெறிகளும், தரவால் கிடைக்கும் பொதுநலனையும் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அதே போக்கில் வலியுறுத்துகின்றன. பழங்குடியினர் தமக்கென வகுத்துக்கொண்ட இந்நெறிகளை எல்லா இடங்களுக்கும் அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆயினும் கைவசம் என்ற அந்த நான்காவது சொல், மின்வழிக் கற்றல் ஆய்வில் மிக நடைமுறையான கேள்வியை எழுப்புகிறது: கோப்புகள் யாருடைய கணக்கில் இருக்கின்றன?

இனி என் தேர்வைச் சொல்கிறேன். ஆறு மாதமும் ஒரே ஒரு ஊழியரும்தான் இருக்கிறார்கள் என்றால் படவழி ஆய்வை எடுக்கலாம். சிறிய குழுவோடு, தனியுரிமை அமர்வோடு, பங்கேற்புச் செயல் ஆய்வு என்ற பெரிய பெயர் இல்லாமல். பாடத்தையும் கருவியையும் நீங்களே ஆக்குகிறீர்கள் என்றால் வடிவமைப்பு ஆய்வு. நிதி தருபவர் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்க எண்களைக் கேட்கிறார் என்றால் அளவாய்வு; அதைக் கருத்துக் கேட்பு என்றே அறிக்கையில் எழுதிவிடலாம், எவரும் குறைத்து எண்ணமாட்டார்கள். ஒன்றரை ஆண்டாவது கையில் இருந்து, வகுப்பின் நேரம், இடம், பாடம் ஆகியவற்றை மாற்ற மையத்தின் பொறுப்பாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருந்தால், செயல் ஆய்வைத் தவிர வேறெதையும் நான் எடுக்கமாட்டேன். அதன் முதல் சுற்றில் கேள்வியைக் கண்டுபிடிக்கப் படங்களையும், கடைசியில் மாற்றத்தைச் சரிபார்க்க ஒரு சிறு அளவாய்வையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நான்கையும் சம அளவில் கலந்து ஒரு திட்டம் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. அப்படிப் போட்ட திட்டங்களில் காலம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது மக்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டங்களே.

மையப் பொறுப்பாளரின் சம்மதம் வாய்மொழியாக மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போது செயல் ஆய்வைத் தொடங்காமல், சம்மதம் எழுத்தில் வரும்வரை படவழி ஆய்வோடு நிற்பதே மேல். அந்த எழுத்திலேயே இன்னும் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஆய்வு முடியும் தேதி, அந்தத் தேதிக்குப் பிறகு தரவுக் கோப்புறையின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பது. அதை மீட்டெடுக்கும் ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடலாம்.